இடப்பக்கம் நின்றவன்

"சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதிவு எங்க கைக்கு வந்துடணும்," என்றார் டாக்டர் மதுவந்தி. "இந்தத் தடவை ஆபரேஷனுக்கு மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு இடம். அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

அன்று திங்கட்கிழமை. ஜெனோவா பக்கத்து நாற்காலியில் இருந்த கணவரைப் பார்த்தாள். பெனடிக்ட் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அப்படியும் தோள்கள் ஆடின. அவருக்கு அறுபத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி, நாற்பது டன் பெட்டியை ஒரு விரல் அகலம் பிசகாமல் இறக்கியவர். இப்போது ஒரு வாய் காப்பி குடிக்க மனைவியின் கை வேண்டியிருந்தது.

"மூளைக்குள்ள வைக்கிற கருவி நடுக்கத்தை நிறுத்திடும்," என்றார் டாக்டர். "ஆனா நிறுத்தினா மட்டும் போதாது. எப்படி அசையணும்னு கைக்கு மறுபடி சொல்லித் தரணும். அதுக்கு இவரோட பழைய அசைவு வேணும். நாற்பது நிமிஷமாவது இருக்கணும். கண்ணு எதைப் பார்த்துச்சு, கை எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லுச்சு, ரெண்டும் சேர்ந்த பதிவு."

"கிரேன்ல எல்லாமே பதிவாகும் டாக்டர். முப்பத்தொரு வருஷம்."

"கேட்டோம்மா. வேலை நேரத்து அசைவு கம்பெனிக்குச் சொந்தம்னு பதில் வந்திருக்கு."

பெனடிக்ட் முதல் முறையாக வாயைத் திறந்தார். "இப்ப அங்க ஆளில்லாம ஓடுதே கிரேன், அது என் கைதான். பெட்டி தரையில உக்காருறதுக்கு அரை அடி முன்னால லேசா நிறுத்தி இறக்குவேன். அது அப்படியே செய்யுது. ரோட்டுல நின்னு பாத்திருக்கேன்."

டாக்டர் மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். அந்த இடைவெளியில்தான் ஜெனோவாவுக்கு அது தோன்றியது.

"வீடியோ கேம் விளையாடினது ஆகுமா?"

"எப்ப விளையாடினது?"

"ரெண்டாயிரத்து மூணுல. ஜலால் பாய் கேம் கடையில போட்டி. நாப்பத்து மூணு நிமிஷம் சாகாம ஆடி ஜெயிச்சாவ. அதைப் பாத்துட்டுத்தான் துறைமுகத்துக் காண்ட்ராக்ட்காரர் கிரேன் பயிற்சிக்கே கூப்பிட்டுட்டுப் போனாரு."

"அதெல்லாம் இப்ப எங்க இருக்கப் போவுது," என்றார் பெனடிக்ட் வேகமாக.

ஆனால் ஜெனோவா பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள். கடல் காற்றில் உப்புப் பூத்து விளையாட்டு மெஷின்களின் போர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தபோது, ஜலால் பாய் போர்டுகளைக் கழற்றிவிட்டு அதே பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்தார் என்ற கதையைக் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"எமுலேட்டர் போட்டிருந்தாரு டாக்டர். கம்ப்யூட்டரை அந்தப் பழைய கேம் மெஷின் மாதிரியே நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர். ஆட்டத்தைப் பதிவும் பண்ணும். போட்டியில யாரும் சண்டை போட்டுறக் கூடாதுன்னு பாய் எல்லாத்தையும் பதிஞ்சு வச்சாராம்."

"வீடியோவா?"

"இல்ல. அந்த ஃபைல்ல படமே இருக்காது. எந்தக் கணத்துல எந்தப் பக்கம் தள்ளினாவ, எந்தப் பட்டனை அமுக்குனாவ, அவ்வளவுதான். அதை எமுலேட்டர்கிட்ட குடுத்தா, ஆட்டத்தை மொதல்ல இருந்து தானே மறுபடி ஆடிக் காட்டும்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா அதைவிட நல்ல பதிவே கிடையாதும்மா. ஓட வச்சுக் கொண்டுவாங்க."

ஜலால் பாய் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஜெனோவா காயல்பட்டினம் போனாள். பாயின் மகள் பரணிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் பை நிறைய சிடிக்களையும் எடுத்துக் கொடுத்தாள். புதன்கிழமை காலையில் பாலிடெக்னிக் ஸ்டோர் ரூமில் கழித்துப் போட்டிருந்தவற்றில் ஒரு கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி ஆட்டோவில் ஏற்றினாள். பழைய சதுர மானிட்டர் மடியில் கனத்தது.

வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து எல்லாவற்றையும் பரப்பினாள். உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்திருந்ததால் கம்ப்யூட்டர் தான் இரண்டாயிரமாவது வருடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டியது. அது நின்றுபோவதற்குள் ஃபைல்களை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடிக்கும்வரை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பெயர்களுக்குப் பதில் தேதிகள்தான் இருந்தன. பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்கு மறுநாள் இறுதிப் போட்டி என்று பெனடிக்ட் சொல்லியிருக்கிறார். ஜூலை 27. அந்தத் தேதியில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

"இருக்குங்க!" என்று கத்தினாள்.

பெனடிக்ட் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் கட்டை; இடது கை அதைத் தள்ளும், வலது கை பட்டனை அமுக்கும். இடப்பக்கக் கட்டையைப் பிடித்தவருக்குச் சிவப்பு விமானம், வலப்பக்கத்தவருக்கு நீலம். இரண்டும் பக்கம் பக்கமாக மேலே சுட்டுக்கொண்டே போக வேண்டும். பாயின் சிடியில் எமுலேட்டரின் ஆறு பதிப்புகள் இருந்தன. ஜெனோவா கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். ஆட்டம் ஓடியது. மூன்றாவது நிமிடத்தில் சிவப்பு விமானம் எதிரே யாருமில்லாத இடத்தில் சுட்டுக்கொண்டு, பைத்தியம் பிடித்ததுபோல ஓரத்தில் போய் மோதிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? பதிப்பு மாறிப் போச்சு. கை சரியாத்தான் ஆடுது, அதுக்கு எதிர்ல ஆட்டம் வேறயா ஓடுது. ஒரு நொடியில கால்வாசி பிசகினாலும் அவ்வளவுதான்."

"நீ இதையே பாத்துக்கிட்டு இருக்கியே. சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிடணும்னுதான் இதைப் பாக்குதேன்."

அதற்கு முந்தைய பதிப்பில் ஆறு நிமிடம் ஓடியது. அதற்கும் முந்தையதில் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் விமானங்கள் கொஞ்ச தூரம் கூடுதலாகப் போய்ச் செத்தன. பெனடிக்ட் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தார். சட்டை மாட்டினார், கழற்றினார். "விட்டுரு ஜெனோ" என்றார் இரண்டு முறை. பயம் என்று அவள் நினைத்தாள். மண்டையைத் திறப்பதென்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, ஒலி அமைப்பைப் பாய் வைத்திருந்தது போலவே மாற்றிய பிறகு, ஆட்டம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம் தாண்டியது. பதினோராவது நிமிடத்தில் நீல விமானம் கடைசி உயிரையும் இழந்து வெடித்தது. சிவப்பு தனியாகப் போனது. எத்தனை குண்டுகள்! அத்தனைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளியில் அது நுழைந்து நுழைந்து வந்தது.

"ஏங்க, என்ன கைங்க இது!"

திரை சட்டென்று இருண்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் பெனடிக்ட் குனிந்து நின்றிருந்தார். உருவிய ப்ளக் அவர் கையில் ஆடியது.

"கால் தட்டிருச்சு," என்றார்.

கால் தட்டியிருந்தால் ப்ளக் தரையில்தான் கிடந்திருக்கும். ஜெனோவா எழுந்துபோய் அவர் விரல்களிலிருந்து அதைப் பிரித்து வாங்கி மறுபடி சொருகினாள். முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்தத் தடவை சுவிட்சின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் சிவப்பு விமானமும் வீழ்ந்தது. அதிகப் புள்ளி எடுத்தவர் பெயரின் மூன்று எழுத்தைக் கேட்டது திரை. இடப்பக்கக் கட்டையைப் பிடித்த கை, முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியத்தில், எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேர்ந்தெடுத்தது. ஐ. எஸ். ஏ.

"இசக்கிராஜ்," என்றார் பெனடிக்ட், அவளுக்குப் பின்னாலிருந்து. "இடப்பக்கம் நின்னது அவன்தான். நான் நீலம்."

ஜெனோவா திரும்பவில்லை.

"ஆட்டம் முடிஞ்ச உடனே அவன் ஐஸ் கம்பெனி வேலைக்கு ஓடிட்டான். மறுநாள் காண்ட்ராக்ட்காரர் கடைக்கு வந்தாரு. கூட்டத்துல பாத்திருக்காரு போல. இடப்பக்கம் ஆடின பையன் யாருன்னு கேட்டாரு. பாய் தொழுகைக்குப் போயிருந்தாரு. நான் மட்டும்தான் நின்னேன். நான்தான்னு சொன்னேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"ஒருத்தர் தேடி வந்ததே தெரியாது. எனக்கு மாமா மூலமா வேலை கெடச்சுதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவன் மொகத்தைப் பாக்க முடியாம அந்தப் பக்கமே போறதில்ல."

"எங்கிட்ட முப்பத்தஞ்சு வருஷமா சொல்லிருக்கிய. பிள்ளைங்ககிட்ட சொல்லிருக்கிய. ரீனா கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்னிய, நாப்பத்து மூணு நிமிஷம்னு."

"கிரேன்ல முப்பத்தொரு வருஷம் உக்காந்தது என் கைதான் ஜெனோ. ஒரு பெட்டிய நான் போட்டதில்ல. ஆனா அந்தச் சீட்டு அவனோடது."



வெள்ளிக்கிழமை காலை ஜெனோவா அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க பேர்லதான் பதியப் போறேன். இடது நீங்க, வலது அவரு."

"ஜெனோ..."

"உங்களுக்குப் பதினோரு நிமிஷம்தான் இருக்கு. டாக்டர் நாப்பது கேக்காவ. அவரு கை நல்லா இருக்குல்ல? அவருக்கு இது எதுக்கு? எடுத்தது எடுத்தாச்சு. இப்ப நான் உங்களுக்குச் சோறு ஊட்டுறதைப் பாக்கணுமா, நீங்க சாப்பிடுறதைப் பாக்கணுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

எந்த அசைவு யாருக்குச் சொந்தம் என்று பதியும் அசைவுப் பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் ஃபைலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். "இதுல ரெண்டு பேர் கை இருக்கு. இன்னொருத்தரும் கையெழுத்துப் போடணும். எது யாரோட கைன்னு ரெண்டு பேரும் எழுதணும். நல்லா யோசிச்சு எழுதுங்க. ஒரு தடவை பதிஞ்சா அந்தக் கை அவருக்கு மட்டும்தான். வேற யாரும் எந்தக் கருவியிலயும் போட முடியாது. மாத்தவும் முடியாது."

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த இசக்கிராஜின் வீட்டை விசாரித்து இருவரும் போனபோது பத்தரை மணி. இசக்கிராஜ் வாசலில் ஸ்டூல் போட்டு, வலது கையால் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேப்பர் காற்றில் பறக்காமல் இடது முழங்கையால் அமுக்கியிருந்தார். மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை இல்லை.



"எலேய், பெனடிதானே? என்னல இப்படி ஆடுத?" இசக்கிராஜ் எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மதினி. கல்யாணத்துல பாத்தது. உக்காருங்க."

"கை..." என்றாள் ஜெனோவா.

"ஐஸ் உடைக்கிற மெஷின். ஆச்சு முப்பது வருஷம். இப்ப உப்புக் குடோன்ல வாட்ச்மேன். கேட்டைத் தொறக்க ஒரு கை போதும்." அவர் படிவத்தைப் பார்த்தார். "என்ன இது, கையெழுத்து வேணுமா? பெனடிக்குன்னா படிக்காமலே போடுவேன். குடுங்க."

வலது கை நீண்டு காத்திருந்தது. ஜெனோவா கொடுக்கவில்லை. கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். 'அவருக்கு இது எதுக்கு' என்று காலையில் கேட்டதற்கான பதில் அவள் கண்ணெதிரே சட்டைக் கைக்குள் முடிந்திருந்தது. இந்த ஃபைலைத் தவிர அந்தக் கை உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா இவர் கை போனது?" என்று கணவரிடம் கேட்டாள், மெதுவாக.

"தெரியும்," என்றார் பெனடிக்ட். பிறகு இசக்கிராஜைப் பார்த்தார். தலை, தோள், கை எல்லாம் ஆடின. குரல் மட்டும் ஆடவில்லை. "ராசா, கையெழுத்துப் போடாத. மொதல்ல நான் சொல்றதைக் கேளு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காண்ட்ராக்ட்காரர் வந்ததை, அவர் கேட்டதை, தான் சொன்னதை. மாமா என்று ஒருவர் துறைமுகத்தில் இருந்ததே இல்லை என்பதை. இப்போது எதற்கு வந்தார்கள் என்பதையும், அந்தப் படிவத்தில் என்ன எழுத இருந்தார்கள் என்பதையும்.

இசக்கிராஜின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது.

"அந்த ஆளு என்னையத் தேடியா வந்தாரு?"

"ஆமா."

"நான் ஐஸ் கம்பெனியிலதானல இருந்தேன். கடையில இருந்து ரெண்டு தெரு."

பெனடிக்ட் தலைகுனிந்தார்.

"ரெண்டு தெரு," என்றார் இசக்கிராஜ் மறுபடி. பிறகு ஜெனோவாவின் பக்கம் திரும்பினார். "மதினி, அது ஓடுதா? நான் ஆடினது?"

"ஓடுது அண்ணே. ஒரு பிசகில்லாம ஓடுது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, பாப்போம்."

அவர்கள் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால், அவர் நாற்பத்து மூன்று நிமிடமும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். பெனடிக்ட் அறைக்குள் போய்விட்டார். முடிந்ததும் இசக்கிராஜ் படிவத்தை வாங்கி 'இடது: இசக்கிராஜ்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். 'வலது' என்ற கட்டத்தைக் காட்டி, "இதை அவனை எழுதச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அறைப் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணி வந்தது, போனது. பதினோரு நிமிடத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் மதுவந்தி வருத்தத்தோடு சொன்னார். அந்த ஒரே இடம் திருநெல்வேலியிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. ஜெனோவா பல நாள் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் உண்மையைச் சொன்னதற்காகக் கோபமா, இத்தனை காலம் சொல்லாததற்காகவா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊட்டும்போது மட்டும் கை அவசரப்படவில்லை.

ஐந்து மாதம் கழித்து, பெனடிக்டுக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பயிற்சிப் பிரிவின் வாசலில் இசக்கிராஜைப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு செயற்கைக் கை இருந்தது; அவர் பெயரில் பதிந்த அந்த ஆட்டத்தின் அசைவு அதற்குள் ஓடியது. அது சும்மா இருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைத் தட்டியது, பேப்பரைத் திருப்பியது, மறுபடி தட்டியது.

"எப்படி இருக்கு அண்ணே?"

"பெரிய தொந்தரவு மதினி," என்று சிரித்தார். "இது இருவத்துநாலு வயசுக் கை. நான் எழும்புறதுக்குள்ள இது கதவைத் தொறந்துருது. எனக்கு வயசான விசயமே இதுக்குத் தெரியல. மெஷின்ல விழுந்தது தெரியல. ஏமாந்ததும் தெரியல."

ஜெனோவா பக்கத்தில் உட்கார்ந்தாள். போய்விடலாமா என்றிருந்தது.

"இன்னொரு கோளாறு உண்டு. எதை எடுக்கப் போனாலும் இது மொதல்ல கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சுட்டுத்தான் போகுது. டம்ளரை எடுக்க விட்டா பக்கத்துல இருக்குற தட்டைத் தட்டுது. மிசின் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். டாக்டரம்மா அந்த ஆட்டத்தை ஓட்டிப் பாத்துட்டுச் சொன்னாவ, கெட்டுப் போகலையாம், பழக்கமாம். பக்கத்து விமானத்து மேல குண்டு வந்தா இது குறுக்க போய் மறிக்குமாம். ஆட்டம் பூரா அப்படித்தான் ஆடிருக்கேனாம்."

"ஆட்டம் பூராவுமா? நீலம் பதினோரு நிமிஷத்துலயே..."

"அதைத்தான் அவங்களும் சொன்னாவ. அவன் செத்த பெறவும் முப்பத்திரண்டு நிமிசம் இது வலப்பக்கம் சாஞ்சுக்கிட்டே இருந்திருக்கு." அவர் சாம்பல் நிறக் கையை வலது கையால் பிடித்து மடியில் வைத்தார். "இந்தச் சாயுற பழக்கத்தை மட்டும் தனியா எடுத்துற முடியுமாம். வேணுமா வேண்டாமான்னு கேட்டாவ."

"என்ன சொன்னீங்க?"

"எடுத்துரச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில எடுக்காவ."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "வாரேன் மதினி," என்று எழுந்து போனார்.

பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஜெனோவா இரண்டு முறை தீர்மானித்து இரண்டு முறை மாற்றினாள். வீட்டில் பெனடிக்ட் வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ராசாவைப் பாத்தேன்," என்றாள்.

"கை வச்சாச்சா?"

"வச்சாச்சு. நல்லா வேலை செய்யுது."

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "என்னையப் பத்திக் கேட்டானா?"

"இல்ல."

அந்த வீட்டில் இனி எதையும் மறைத்து வைக்க அவளால் முடியாது போலிருந்தது. மாத்திரைப் பையைக் கீழே வைத்துவிட்டு மீதியையும் சொன்னாள். வலப்பக்கம் சாய்வதை, அது ஏன் என்பதை, அந்த முப்பத்திரண்டு நிமிடத்தை, நாளைக் காலையில் நடக்கப் போவதை.

பெனடிக்ட் கம்பியை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கைகள் முழங்காலின் மேல் அடித்துக்கொண்டன. அவற்றை அடக்க அவர் முயலவில்லை. உடனே கிளம்பிப் போக வேண்டும் என்று சொல்வார் என எதிர்பார்த்து, அவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"எடுக்கட்டும்," என்றார் அவர். "அது அவன் கை."